நிறம் சேர்க்கும் விளையாட்டும் நம் பனியன் ஊரும்

திருப்பூரில் எந்த டவுன் பஸ்ஸில் ஏறினாலும் நான்கு பேராவது தலை குனிந்து கைபேசியில் வண்ணக் கட்டங்களைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து போகும் டைலர், கல்லூரிப் பெண், மருத்துவமனை வரிசையில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர் என்று இதில் பேதமே இல்லை. சிவப்போடு சிவப்பு, நீலத்தோடு நீலம் சேர்ந்தால் கட்டங்கள் மறைகின்றன, மேலே இருப்பவை கீழே விழுகின்றன. அவ்வளவுதான் ஆட்டம். இதில் கதை இல்லை, வீரன் இல்லை, வில்லன் இல்லை. பிறகு எதற்காக உலகம் முழுக்க இத்தனை கோடிப் பேர் இதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்வி என்னைச் சில மாதங்களாகக் குடைந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற எழுத்தனுக்கு நேரத்துக்குக் குறைவில்லை. தேடிப் படித்ததில் இந்த ஆட்டத்தின் வம்சாவளி நான் நினைத்ததைவிட நீளமானது என்று தெரிந்தது. அதில் ஒரு கிளை பிரான்சுக்கும், ஒரு கிளை நம் சென்னைக்கும் போகிறது. வாசகர்களுக்கும் சுவையாக இருக்கும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

பல்லாங்குழியில் ஒரு பசு

முதலில் நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்கலாம். பல்லாங்குழி ஆடியவர்களுக்குப் 'பசு' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு குழிகளில் புளியங்கொட்டையோ சோழியோ போட்டுக்கொண்டே வரும்போது, ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது பசு. அந்தக் குழிக்குரியவர் உடனே அள்ளிக்கொள்வார், குழி காலியாகும். குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் பலகையிலிருந்து எடுத்துவிடுவது என்ற விதி இங்கே அப்படியே இருக்கிறது. அந்த நான்கைப் பார்த்தவுடன் 'பசு, பசு' என்று கத்திய பாட்டிகளின் குரலில் இருந்த மகிழ்ச்சிதான் இன்று கைபேசியில் ஒரு சின்ன மணி ஓசையாக ஒலிக்கிறது. ஆனால் பல்லாங்குழியில் நிறத்துக்கு வேலை இல்லை. அங்கே எண்ணிக்கைதான் கணக்கு. நிறத்தைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து அடுக்கிப் பார்த்த கதைக்கு நாம் கடல் தாண்டிப் போக வேண்டும்.

ஒரு பாதிரியார், ஒரு பீரங்கிப் படை அதிகாரி

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஓவிய வகுப்பில் கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, பக்கத்துக் கட்டத்தில் ஒரே நிறம் வராமல் தீட்டச் சொல்வார்கள். அப்போது அது வெறும் பொழுதுபோக்காகத்தான் தெரிந்தது. அந்தப் பயிற்சிக்குப் பின்னால் பெரிய மனிதர்கள் இருந்தார்கள் என்பது எழுபது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிய வந்தது.

செபஸ்தியான் த்ருஷே என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். நீரியல் பொறியியலில் வல்லவர். ஒர்லேயான் நகருக்கு அருகே ஒரு கால்வாய் வேலையைப் பார்க்கப் போன இடத்தில், தரையில் பதிக்க வைத்திருந்த சதுர ஓடுகளைக் கண்டார். ஒவ்வொரு ஓடும் மூலைவிட்டமாக இரண்டு நிறங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டே ஓடுகளை எத்தனை விதமாகச் சேர்த்து வைக்கலாம் என்று கணக்குப் போட்டார். 64 விதம் வந்தது. 1704-ல் இதைப் பற்றி பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். அவர் சபையைச் சேர்ந்த துவா என்ற இன்னொரு பாதிரியார் 1722-ல் இதை ஒரு முழுப் புத்தகமாகவே விரித்து எழுதினார். இரண்டு நிறம், ஒரு சதுரம், அதிலிருந்து எண்ணற்ற கோலங்கள். நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும் பெண்களுக்கு இந்தச் சங்கதி புதிதாக இருக்காது.

அடுத்தவர் நம் ஊர்ப் பக்கம் வந்தவர். பெர்சி மக்மஹோன். 1873-ல், பதினெட்டு வயதில், பிரிட்டிஷ் பீரங்கிப் படை லெப்டினன்டாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். பிறகு வடக்கே மாற்றலாகிப் போனார். சில ஆண்டுகளில் உடம்பு சரியில்லாமல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அந்த நோய் வந்திருக்காவிட்டால் அவர் ஆப்கானிஸ்தான் போருக்குப் போயிருப்பார். கணிதம் ஒரு மேதையை இழந்திருக்கும்.

இவர் 1921-ல் கணிதப் பொழுதுபோக்குகள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வரும் ஒரு புதிர் இது. ஒரு சதுரத்தை இரண்டு மூலைவிட்டங்களால் நான்கு முக்கோணமாகப் பிரித்து, மூன்று நிறங்களைக் கொண்டு தீட்டினால் மொத்தம் 24 வெவ்வேறு சதுரங்கள் கிடைக்கும். இந்த இருபத்துநான்கையும் ஆறுக்கு நான்காக அடுக்க வேண்டும். ஒட்டும் விளிம்புகள் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வெளி ஓரம் முழுக்க ஒரே நிறம் வர வேண்டும். அட்டையில் வெட்டி முயன்று பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போவது தெரியாது.

இதே மக்மஹோனுக்கு இன்னொரு வகையிலும் நாம் நன்றி சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஊரான ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், ஹார்டியோடு சேர்ந்து எண்களின் பிரிவினைக்கு ஒரு சூத்திரம் கண்டபோது, அது சரியா என்று பார்க்க 200 வரையிலான எண்களுக்குக் கையால் கணக்குப் போட்டுப் பட்டியல் கொடுத்தவர் இவர்தான். 200-க்கு வந்த விடை 3,97,299,90,29,388. நம் முறையில் படித்தால் ஏறத்தாழ நான்கு லட்சம் கோடி. கணிப்பொறி இல்லாத காலம். சரிபார்ப்பு வேலை என்றால் என்ன என்று அறிந்த எழுத்தர்கள் இந்த மனிதருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லலாம்.

கட்டம் கணினிக்குள் போனது

1953-ல் சாலமன் கோலம் என்ற அமெரிக்க மாணவர் ஐந்து சதுரங்களை ஒட்டி உருவாக்கும் துண்டுகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அந்தத் துண்டுகளை வைத்து ஆடும் புதிர், மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்ற கணினி ஆய்வாளருக்குப் பிடித்துப்போனது. 1984-ல் அவர் அதை நான்கு சதுரத் துண்டுகளாகச் சுருக்கி 'டெட்ரிஸ்' செய்தார. அவர் வேலை பார்த்த ரஷ்யக் கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. எழுத்துக்களை அடுக்கித்தான் கட்டங்களைக் காட்டினார். அதில் நிறம் இல்லை, வடிவம்தான் ஆட்டம்.

நிறத்தை ஆட்டமாக்கியவர் ஜப்பானியர். 1985-ல் குனியாகி மொரிபே என்பவர் எழுதிய 'செயின் ஷாட்' என்ற சிறு நிரல் ஒரு கணினி மாத இதழில் வந்தது. பலகை நிறைய வண்ணக் கட்டங்கள். ஒரே நிறத்தில் இரண்டோ அதற்கு மேலோ ஒட்டியிருந்தால் தொட்டு நீக்கலாம். மேலே உள்ளவை இறங்கும். ஒரு வரிசை முழுதும் காலியானால் பக்கத்து வரிசை நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். பெரிய கூட்டமாகச் சேர்த்து நீக்கினால் மதிப்பெண் பல மடங்கு. நேரக் கணக்கு இல்லை, யாரும் துரத்துவதில்லை. இதுவே 1990களில் 'சேம்கேம்' என்ற பெயரில் ஒவ்வொரு வகைக் கணினியாகத் தாவிப் பரவியது. இன்று கைபேசியில் நம்மவர்கள் தட்டும் பெரும்பாலான வண்ணக்கட்ட ஆட்டங்களுக்கு இதுதான் பாட்டன்.

இன்னொரு கிளை, பக்கத்துப் பக்கத்துக் காய்களை இடம் மாற்றி மூன்று சேர்க்கும் வகை. 1994-ல் ரஷ்யாவில் 'ஷாரிகி' என்று வந்தது. 2001-ல் அமெரிக்காவில் 'பிஜுவல்ட்' ஆனது. 2012-ல் 'கேண்டி க்ரஷ் சாகா' ஆகி வீட்டுக்கு வீடு நுழைந்தது. அதைச் செய்த கிங் நிறுவனத்தை 590 கோடி டாலருக்கு வாங்குவதாக இன்னொரு அமெரிக்க நிறுவனம் 2015-ல் அறிவித்தது. இலவசமாகத் தரப்படும் ஓர் ஆட்டத்துக்கு இந்த விலை என்றால், எங்கோ யாரோ காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏன் விட முடியவில்லை?

எனக்குத் தெரிந்தவரை காரணங்கள் மூன்று.

முதலாவது கண். நூறு பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு இருந்தால் நாம் தேட வேண்டியதில்லை, அதுவே வந்து கண்ணில் விழும். எழுத்தைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டும், நிறத்தைப் பார்க்க வேண்டாம். ஆனால் நிறம் தனியாக இருப்பதில்லை என்பதைக் கண்டு சொன்னவர் ஷெவ்ரெல் என்ற பிரெஞ்சு வேதியியலார். 1824-ல் பாரிசின் கோப்லேன் அரச நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. பக்கத்து நிறம் இந்த நிறத்தை மாற்றிக் காட்டும் என்ற விதியை 1839-ல் பெரிய நூலாகவே எழுதினார். இவர் 102 வயது வரை வாழ்ந்தார் என்பது நம் போன்றவர்களுக்கு ஆறுதலான செய்தி. கைபேசி ஆட்டங்களில் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்படி தேர்ந்தெடுக்கப்படுகின்றன. கேண்டி க்ரஷ் போன்றவற்றில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வடிவமும் உண்டு. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் ஆட வேண்டுமே.

இரண்டாவது, நிலுவை. அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தன் பதிவேட்டில் ஒரு தாளை முடித்துச் சிவப்பு மையில் கோடு போடும்போது வரும் நிம்மதிக்கு ஈடில்லை. முடிக்காத தாள் வீட்டுக்குக் கூடவே வரும். 1927-ல் பெர்லினில் ப்ளூமா ஜைகார்னிக் என்ற பெண்மணி, முடித்த வேலையைவிடப் பாதியில் நிறுத்திய வேலை மனதில் நன்றாகத் தங்குகிறது என்று எழுதினார். அவருடைய சக ஆய்வாளர் மரியா ஓவ்சியான்கினா அடுத்த ஆண்டு, பாதியில் நிறுத்திய வேலையை யாரும் சொல்லாமலே மனிதர்கள் போய் எடுத்துக்கொள்கிறார்கள் என்று காட்டினார். நினைவு பற்றிய முதல் முடிவு பின்னால் வந்த சோதனைகளில் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. இரண்டாவது நிற்கிறது. நிறக்கட்ட ஆட்டம் என்பது நிலுவைப் பட்டியலைக் கண்முன் விரித்து, ஒரு தட்டில் ஒன்றை முடித்துக் காட்டி, உடனே இன்னொன்றைக் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு.

மூன்றாவது, அதிர்ஷ்டம். மூன்றை நீக்கினால் மேலே இருந்து விழுபவை தானாகச் சேர்ந்து இன்னும் ஆறு மறையும். நாம் அதைத் திட்டமிடவில்லை. ஆனாலும் நம் சாமர்த்தியம் என்றே தோன்றும். எப்போது பரிசு விழும் என்று தெரியாமல் இருந்தால்தான் புறா அதிக நேரம் பொத்தானைக் கொத்துகிறது என்று ஸ்கின்னர் 1950களிலேயே காட்டிவிட்டார். லாட்டரிச் சீட்டு வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டுமா?

இதற்காக இதைச் சின்னப் பிள்ளை ஆட்டம் என்று தள்ளிவிடவும் முடியாது. சேம்கேம் வகைப் பலகை ஒன்றைக் கடைசிக் கட்டம் வரை துடைக்க முடியுமா முடியாதா என்று பொதுவாகக் கண்டுபிடிப்பது, கணினிக்கும் திணறலான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று 2002-ல் கணிதர்கள் நிறுவியிருக்கிறார்கள். கேண்டி க்ரஷுக்கும் 2014-ல் அப்படியே நிறுவினார்கள். விதி எளிது, ஆட்டம் ஆழம். பல்லாங்குழியும் அப்படித்தானே.

நிஜத்தில் நிறம் பிரிப்பவர்கள்

இத்தனை படித்த பிறகும் எனக்கு ஒரு சங்கதி உறுத்தியது. நம் திருப்பூரே நிறம் சேர்த்துப் பிழைக்கும் ஊர். இங்கே அது விளையாட்டில்லை.

வெளிநாட்டு வியாபாரி ஒரு சின்னத் துணித்துண்டை அனுப்பி 'இந்த நிறம் வேண்டும்' என்பார். டையிங்கில் மாதிரி போட்டு, விளக்குப் பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சம் போன்ற விளக்கில் ஒரு முறை, கடை விளக்கு போன்றதில் ஒரு முறை பார்ப்பார்கள். ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும் இரண்டு துணி, இன்னொரு விளக்கில் யாரோ எவரோ என்று நிற்கும். ஒரே சிவப்புதான் என்றாலும் இந்த லாட் துணியில் முன்பக்கமும் அடுத்த லாட் துணியில் கையும் வெட்டித் தைத்துவிட்டால் பனியன் தள்ளுபடி. அதற்காகவே வெட்டிய துண்டுகளுக்கு எண் போட்டுக் கட்டுகிறார்கள். கைபேசியில் தப்பாகத் தட்டினால் ஓர் ஆட்டம் போகும். இங்கே கன்டெய்னர் திரும்பி வரும்.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, வேஸ்ட் குடோன். கட்டிங்கில் விழும் துண்டுத் துணிகள் மூட்டை மூட்டையாக அங்கே வருகின்றன. பெண்கள் தரையில் உட்கார்ந்து சிவப்பு தனியாக, கறுப்பு தனியாக, வெள்ளை தனியாகப் பிரிக்கிறார்கள். இப்படிப் பிரித்ததைக் கிழித்துப் பஞ்சாக்கி ஓப்பன் எண்ட் மில்லில் நூலாக்கினால் துணிக்கு உள்ள நிறமே நூலுக்கு வந்துவிடும். மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. தண்ணீரும் மிச்சம், உப்பும் மிச்சம். நிறம் கலந்துவிட்டால் விலை போகாது. ஆகவே அந்தப் பெண்களின் கண்தான் அங்கே மூலதனம்.

எங்கள் தெருவில் அப்படி வேலைக்குப் போகும் ஒரு பெண்மணி இருக்கிறார். சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து அவரும் இதே வண்ணக்கட்ட ஆட்டம் ஆடுவதைப் பார்த்தேன். "ஏம்மா, பகலெல்லாம் இதே வேலைதானே செய்யறே, வீட்டுக்கு வந்தும் இதுவா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்க எவ்வளவு பிரிச்சாலும் குவியல் கொறையறதில்லீங்க ஐயா. இதுல சேத்துனா காணாமப் போயிருதுங்க."

நான் படித்த புத்தகங்களில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. ஒரே வேலை. ஒன்றில் கூலி உண்டு, முடிவு இல்லை. மற்றதில் கூலி இல்லை, முடிவு உண்டு. செய்தது செய்ததாகக் கண்ணுக்குத் தெரிவது மனிதனுக்கு எவ்வளவு பெரிய தேவை என்பது இந்தப் பதிலில் இருக்கிறது. ஓவர்லாக் மெஷினில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் தைத்த பனியனை யார் போடுகிறார்கள் என்று பார்ப்பதில்லை. நான் எழுதிய குறிப்புகளால் யாருக்கு என்ன ஆயிற்று என்று நானும் பெரும்பாலும் பார்த்ததில்லை.

நிஜ உலகில் நிறம் காணாமற் போவதுமில்லை. கழுவிய சாயம் நொய்யலுக்குப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதைப் பாசன விவசாயிகள் நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். கழிவுநீர் சொட்டுக்கூட வெளியேறாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது நான் மகனோடு இங்கே குடிவந்து சில காலம்தான் ஆகியிருந்தது. வேலை போய் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போன குடும்பங்களை ரயில் நிலையத்தில் பார்த்திருக்கிறேன். விவசாயி பக்கமும் நியாயம், தொழிலாளி பக்கமும் வயிறு. திரையில் மூன்று கட்டம் மறைந்தால் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ஆற்றில் போனது கிணற்றில் வந்து நின்றது.

கொடுப்பதும் எடுப்பதும்

இந்த ஆட்டம் கெடுதலா என்று கேட்டால், முழுக்க இல்லை என்பேன். 2009-ல் ஆக்ஸ்போர்டில் ஒரு சோதனை செய்தார்கள். கோரமான காட்சிகளைப் பார்த்தவர்களில் சிறிது நேரத்தில் டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு, அந்தக் காட்சிகள் பின்னால் வந்து தொந்தரவு செய்வது குறைந்திருந்தது. கண்ணுக்கு வேலை கொடுத்தால் மனம் பழைய படத்தை ஓட்டுவதற்கு இடம் குறைகிறது. துணையை இழந்தவர்கள், மகன் வெளிநாட்டில் இருப்பவர்கள், இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்பவர்கள் ஏன் இதைத் தேடுகிறார்கள் என்பது எனக்கு இப்போது புரிகிறது.

ஆனால் அதே கட்டங்கள் தூக்கத்துக்குள்ளும் வரும். 2000-ல் அமெரிக்காவில் ஸ்டிக்கோல்ட் என்ற ஆய்வாளர் டெட்ரிஸ் ஆடியவர்களைத் தூங்கப் போகும் நேரத்தில் விசாரித்தார். பலருக்கும் கண்ணை மூடினால் துண்டுகள் விழுந்தன. நினைவு தங்காத நோயாளிகள் சிலர், தாங்கள் ஆடியதே நினைவில்லாத நிலையிலும், கட்டங்கள் விழுவதைக் கண்டதாகச் சொன்னார்கள். மனம் மறந்ததைக் கண் மறக்கவில்லை.

அடுத்தது காசு. கேண்டி க்ரஷில் ஐந்து 'உயிர்' தருவார்கள். தீர்ந்தால் ஓர் உயிர் திரும்ப வர அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். ஒரே ஒரு நகர்வு இருந்தால் ஜெயித்திருப்போம் என்ற இடத்தில்தான் 'இன்னும் ஐந்து நகர்வு வேண்டுமா' என்ற கேள்வி வருகிறது. நிலுவையை விட முடியாத மனதை நிலுவையில் நிறுத்திவைத்து விலை பேசுகிறார்கள். மொரிபேயின் பழைய ஆட்டத்தில் இது கிடையாது. தோற்றால் புதுப் பலகை, அவ்வளவுதான்.

ஆகவே ஆடும் என் வயது நண்பர்களுக்கு ஒன்றிரண்டு யோசனை. நேரக் கணக்கும் காசுக் கணக்கும் இல்லாத பழைய சேம்கேம் வகை இப்போதும் கிடைக்கிறது, அதை ஆடுங்கள். வங்கி அட்டை விவரத்தைக் கைபேசி விளையாட்டில் சேர்த்து வைக்காதீர்கள். பேரப்பிள்ளை கையில் அந்தக் கைபேசியைக் கொடுக்கும் முன் இதை இரண்டு முறை யோசியுங்கள். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடி வையுங்கள். வீட்டில் பல்லாங்குழிக் கட்டை பரணில் கிடந்தால் இறக்கித் துடையுங்கள். அதில் எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டும், அது ஒன்றே அதன் கட்டணம்.